வலிதான் போய்விட்டதே, ஆபரேஷன் எதற்கு?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயது 47. வயிற்றில் இதுவரை எந்த ஆபரேஷனும் நடந்ததில்லை. ஒன்றேகால் வருடமாகத் தொப்புளைச் சுற்றி அவ்வப்போது வலி வருகிறது. முறுக்கிப் பிழியும். வயிறு உப்பி, வாந்தி வரும். ஒரு மணி நேரம் போனதும் உள்ளே கடமுடவென்று சத்தம் கேட்கும், காற்றுப் பிரியும், வலி சட்டென்று நின்றுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருப்பேன். எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, இரண்டு தடவை அல்ட்ராசவுண்ட், எல்லாம் நார்மல். முதலில் கேஸ் என்றார்கள், பிறகு குடல் எரிச்சல் நோய் என்றார்கள், கடைசியில் மன அழுத்தம் என்றார்கள். ஹீமோகுளோபின் 8.9. மாதவிலக்கால் இருக்கும் என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள்.

போன மாதம் வந்த வலி விடவேயில்லை. அவசரப் பிரிவில் சேர்த்து சி.டி. எடுத்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் குடல் குடலுக்குள்ளேயே செருகியிருக்கிறது, முனையில் 3.5 செ.மீ. கட்டி இருக்கிறது, கொழுப்புக் கட்டியாக இருக்கலாம் என்று அறிக்கை வந்தது. ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். ஆனால் மறுநாள் காலை வலி தானாகவே போய்விட்டது. அடுத்த வாரம் வேறு இடத்தில் எடுத்த அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை. 'புற்றுநோய் இல்லாத கட்டிதானே, வலியும் இல்லை, பெரியவர்களுக்கும் இப்படிச் செருகித் தானே விலகும் என்று படித்தேன், விட்டுவிடு' என்கிறார் அண்ணன். உறவினர் ஒருவர், கேமரா பொருத்திய மாத்திரையை விழுங்கிச் செய்யும் கேப்சூல் எண்டோஸ்கோபி செய்து உறுதிப்படுத்தச் சொல்கிறார். பயாப்ஸி (திசுத் துணுக்கு) எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாதா? இது புற்றுநோயாக இருக்குமா? என் மகளுக்கும் வருமா?"

சகோதரி, நீங்கள் தேடுகிற பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வலிக்கான காரணத்தை அந்த சி.டி. கண்டுபிடித்துவிட்டது. வலி நின்றதால் அந்தக் காரணம் போய்விடவில்லை. கட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த தடவை குடல் செருகும்போது தானாக விலகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே ஆபரேஷனைக் கைவிட வேண்டாம். ஆனால் இன்றிரவே ஓட வேண்டிய நிலையிலும் நீங்கள் இல்லை. ரத்தசோகையைச் சரிசெய்து, நல்ல குழுவைப் பார்த்து, சில வாரங்களுக்குள் திட்டமிட்டுச் செய்துகொள்ள அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தைத் தள்ளிப்போடுவதில் செலவழித்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே நோயின் கதை இருக்கிறது. குடல் ஒரு குழாய். உள்சுவரில் கட்டி தொங்கினால், உணவைத் தள்ளும் அலை அந்தக் கட்டியையும் முன்னோக்கி இழுக்கும். கட்டியோடு சேர்ந்து குடலும், சட்டைக் கையை உள்ளே மடித்து இழுப்பதுபோல், அடுத்த பகுதிக்குள் போய்விடும். இதைத்தான் குடல் செருகல் என்கிறோம். அப்போது வழி அடைபடும். வலி, உப்புசம், வாந்தி எல்லாம் வரும். செருகிய பகுதி வெளியே வந்ததும் அடைப்பு நீங்கி, தேங்கிய காற்றும் நீரும் கடமுடவென்று நகரும். 'சத்தம் கேட்டதும் வலி நின்றது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி பல பரிசோதனைகளுக்குச் சமம். வெறும் கேஸ் தொல்லையில் வலி இவ்வளவு ஒழுங்காக ஏறி, வாந்தியில் முடிந்து, சட்டென்று விடாது. மன அழுத்தம் ஹீமோகுளோபினை 8.9-க்கு இறக்குவதும் இல்லை!

எல்லாம் நார்மல் என்று வந்தது எப்படி?

அந்தப் பரிசோதனைகள் தவறில்லை. அவை பார்த்த இடம் வேறு, பார்த்த நேரம் வேறு.

வாய்வழி எண்டோஸ்கோபி இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும். கொலோனோஸ்கோபி பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிட்டு, முடிந்தால் சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரை எட்டிப் பார்க்கும். நடுவில் பல மீட்டர் நீளச் சிறுகுடலை இரண்டும் தொடுவதே இல்லை. உங்கள் கட்டி அங்கேதான் இருக்கிறது. இரண்டும் நார்மல் என்றால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் பிரச்சினை இல்லை என்று பொருள். சிறுகுடலைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை.

அல்ட்ராசவுண்டுக்குக் காற்று எதிரி. குடலில் காற்று நிறைந்திருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது. வலி இருக்கும் நேரத்தில், அனுபவமுள்ளவர் பார்த்தால், வளையத்துக்குள் வளையமாகச் செருகல் தெரியலாம். வலி நின்ற பிறகு பார்க்க என்ன இருக்கிறது? நீங்கள் அடுத்த வாரம் எடுத்தது அப்படிப்பட்ட ஸ்கேன்தான். சி.டி.யில் கண்டதை அது மறுப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விட்டு விட்டு வரும் அடைப்புக்கு, பரிசோதனை எது என்பதைவிட அது எப்போது எடுக்கப்படுகிறது என்பது முக்கியம். சாதாரண எக்ஸ்ரேகூட வலியின்போது எடுத்தால் வீங்கிய குடலையும், அதில் தேங்கிய நீர் மட்டங்களையும் காட்டும். சிறுகுடலின் அகலம் 3 செ.மீ.யைத் தாண்டினால் விரிந்திருக்கிறது என்று கணக்கு. மறுநாள் எடுத்தால் ஒன்றும் இருக்காது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இதுபோல் வலி வந்து வந்து போகிறதென்றால், அடுத்த தடவை வலி இருக்கும்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வலி அடங்கட்டும், நாளை போகலாம் என்று இருப்பதால்தான் நோய் வருடக்கணக்கில் ஒளிந்துகொள்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். பெரியவர்களுக்குச் சிறுகுடல் அடைப்பு வர முதல் காரணம், பழைய ஆபரேஷனுக்குப் பிறகு குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. அடுத்து ஹெர்னியா, புற்றுநோய். ஆபரேஷனே நடக்காத, ஹெர்னியாவும் இல்லாத வயிற்றில் அடைப்பின் அறிகுறி வந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று தேட வேண்டும்.

சி.டி. சொன்னதும் சொல்லாததும்

சி.டி. வெறும் நிழற்படம் இல்லை. ஒவ்வொரு திசுவின் அடர்த்தியையும் எண்ணாக அளக்கும். தண்ணீர் 0 என்றால் கொழுப்பு சுமார் மைனஸ் 100. கட்டி முழுவதும் சீராக அந்த அளவில் இருந்து, ஓரம் வழவழப்பாக இருந்தால், கொழுப்புக் கட்டி என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். குடல் கட்டிகளில் உள்ளே வெட்டிப் பார்க்காமலேயே இவ்வளவு தெளிவாக அடையாளம் காட்டுபவை அதிகம் இல்லை. அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. செருகலின்போது சுற்றியுள்ள குடலின் கொழுப்பும் உள்ளே இழுபடும். அதையே கட்டி என்று எண்ணிவிட வாய்ப்பிருக்கிறது. ஆகவே அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படங்கள் பதிந்த குறுந்தட்டையும் வாங்கி, வயிற்றுப் படங்களில் பழக்கமுள்ள கதிரியக்க நிபுணர் ஒருவரிடம் மறுபடி காட்டுங்கள்.

புற்றுநோயாக இருக்குமா என்று கேட்டீர்கள். பெரியவர்களுக்கு வரும் குடல் செருகலில் இடத்தைப் பொறுத்துக் கணக்கு மாறும். பெருங்குடலில் நடந்தால் பாதிக்கு மேல் புற்றுநோய்தான் காரணமாக இருக்கும். சிறுகுடலில் நடந்தால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி. உங்களுடையது சிறுகுடல், அதிலும் கொழுப்பின் அடர்த்தி. எனவே புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு.

மிகக் குறைவு என்கிறேனே தவிர இல்லவே இல்லை என்று நான் எழுத மாட்டேன். சிறுகுடலில் வேறு கட்டிகளும் உண்டு. சுரப்பித் திசுவிலிருந்து வளரும் அடினோமா, இப்போது சாதாரணமாக இருந்தாலும் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது. குடல் சுவரிலிருந்து வளரும் ஜிஸ்ட் என்று ஒரு வகை இருக்கிறது. அதை நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரிக்க முடியாது. கட்டியின் அளவு, செல்கள் பிளக்கும் வேகம், இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்து ஆபத்தைக் கணிப்பார்கள். ஒரே அளவுள்ள ஜிஸ்ட், இரைப்பையில் இருப்பதைவிடச் சிறுகுடலில் அதிகக் கவலை தரும். ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி சிறுகுடலின் கடைசிப் பகுதியை விரும்பும். மெதுவாக வளர்ந்தாலும் பரவக்கூடியது. அழற்சி நார்க் கட்டி ஒன்று உண்டு. அது கெடுதல் செய்யாத வகை, ஆனால் செருகலுக்குப் பேர்போனது. இவை எதிலும் கொழுப்பின் அடர்த்தி இருக்காது என்பதுதான் உங்களுக்கு ஆறுதலான செய்தி. காசநோய், கிரோன் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வேறிடத்தில் வளர்வது) போன்றவையும் குடலைக் குறுக்கி இதே மாதிரி வலியைத் தரலாம். அதனால் வலி மாதவிலக்கை ஒட்டி வந்ததா, இருமல், காய்ச்சல், எடை இழப்பு இருந்ததா என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்போதாவது தோலில் கறுப்பு மச்சம் ஒன்றை நோய் என்று வெட்டி எடுத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பல வருடம் கழித்துச் சிறுகுடலில் வந்து உட்காரும் பழக்கம் உள்ளது.

கடைசிச் சொல், எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் நிபுணருடையது. அதுவரை நாங்கள் சொல்வதெல்லாம் வாய்ப்புதான்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி

அவர் படித்தது பொய்யில்லை. வேறு எதற்கோ சி.டி. எடுக்கும்போது, சிறுகுடலில் மிகக் குட்டையான செருகல் ஒன்று தற்செயலாகத் தெரிவது உண்டு. நீளம் சில சென்டிமீட்டர்தான் இருக்கும். முனையில் கட்டி இருக்காது, அடைப்பும் இருக்காது. சில நிமிடங்களில் தானே விலகிவிடும். அதற்கு ஆபரேஷன் தேவையில்லை என்பதில் எங்களுக்குள் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

உங்கள் கதை அதுவல்ல. முனையில் கட்டி இருக்கிறது, அடைப்பின் அறிகுறி இருக்கிறது, ஒன்றேகால் வருடமாகத் திரும்பத் திரும்ப வருகிறது, ரத்தமும் குறைந்திருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் செருகலில் பெரும்பாலும் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. காற்றையோ திரவத்தையோ செலுத்தியே சரிசெய்துவிடுவார்கள். பெரியவர்களில் நிலைமை தலைகீழ். அறிகுறியோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளே ஒரு காரணம் இருக்கும்.

'புற்றுநோய் இல்லையே' என்ற வாதத்துக்கும் வருகிறேன். கொழுப்புக் கட்டி முதுகிலோ கையிலோ இருந்தால் நானும் விட்டுவிடச் சொல்வேன். குடலுக்குள் 3.5 செ.மீ. என்பது வேறு. சிறுகுடலே அவ்வளவு அகலமில்லாத குழாய். குடலின் கொழுப்புக் கட்டி 2 செ.மீ. தாண்டினால் தொல்லை தரத் தொடங்கும் என்பது எங்கள் பொதுவான அனுபவம். கட்டி பரவாது, சரி. ஆனால் செருகிய குடல் விலகாமல் இறுகினால், அந்தப் பகுதிக்கு வரும் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகும். அப்போது நடுராத்திரியில், ரத்தம் குறைந்த உடம்போடு, நீளமான குடல் துண்டை எடுக்க வேண்டி வரலாம். எப்படியும் ஒரு ஆபரேஷன்தான் என்றால், அதைப் பகலில், தயாராக இருந்து செய்துகொள்வதுதான் நல்லது. அண்ணனை அடுத்த சந்திப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தை அவரே கண்ணால் பார்க்கட்டும்.

உங்கள் ரத்தசோகையும் இதே கதையின் பகுதியாக இருக்கலாம். திரும்பத் திரும்பச் செருகும் கட்டியின் மேல்தோல் உரசிப் புண்ணாகும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியும். நாற்பதுகளில் இருக்கும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே மாதவிலக்கின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். எனக்கு இந்தப் பழக்கம் பிடிப்பதில்லை. உதிரப்போக்கு உண்மையிலேயே அதிகமா என்று கேட்காமலே மாத்திரை எழுதிவிடுகிறார்கள்.

பயாப்ஸி, கேப்சூல் வேண்டுமா?

கேப்சூலை முதலில் தள்ளிவைத்துவிடலாம். 2001-இல் பயன்பாட்டுக்கு வந்த அருமையான கருவி அது. சிறுகுடலில் காரணம் தெரியாத ரத்தக் கசிவைக் கண்டுபிடிக்க அதற்கு ஈடில்லை. ஆனால் சுமார் இரண்டரை செ.மீ. நீளமுள்ள அந்த உருளை உங்கள் கட்டியின் முன்னால் போய் மாட்டிக்கொண்டால், நாமே அடைப்பை உண்டாக்கினதாக ஆகிவிடும். அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அது பொருந்தாது. மேலும் கேப்சூல் உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ.யும் எடுக்க முடியாது. இன்னும் கட்டிகள் இருக்குமோ என்ற சந்தேகம் உங்கள் மருத்துவருக்கு இருந்தால், ஒரு திரவத்தைக் குடிக்க வைத்துக் குடலை விரித்து எடுக்கும் சிறப்பு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. இருக்கிறது. வலி இல்லாத இப்போதைய நிலையில் அதைச் செய்யலாம்.

வயிற்றின் வெளியிலிருந்து ஊசி குத்தி எடுக்கும் பயாப்ஸி வேண்டவே வேண்டாம். குடல் நகர்ந்துகொண்டே இருக்கும். ரத்தக்கசிவு, ஓட்டை என்று ஆபத்து அதிகம், பலன் குறைவு. பலூன் பொருத்திய நீளமான எண்டோஸ்கோப் சிறுகுடலின் ஆழம்வரை போகும். துணுக்கு எடுக்கவும், ஆபரேஷனுக்காக இடத்தை மையால் குறிக்கவும் அதனால் முடியும். கட்டி என்னவென்று சி.டி.யில் தெளிவில்லாதவர்களுக்கு அது உதவும். உங்களுக்குப் பெரிதாக உதவாது. ஏனென்றால் கொழுப்புக் கட்டி மேல்தோலுக்கு அடியில் இருக்கும். சாமணம் கிள்ளி எடுப்பது மேலே உள்ள நல்ல தோலைத்தான். 'நார்மல்' என்று ஒரு அறிக்கை வரும், குழப்பம்தான் கூடும். அதே கருவியால் கட்டியை அறுத்து எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கொழுப்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. சூடு கம்பியால் அறுக்க அதிகச் சக்தி வேண்டும். சிறுகுடலின் சுவரோ மெல்லியது, ஓட்டை விழும். 3.5 செ.மீ. கட்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதனால் உங்கள் விஷயத்தில் ஆபரேஷன்தான் சிகிச்சை, அதுவேதான் பயாப்ஸியும்.

அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பெரும்பாலும் லேப்ராஸ்கோபி மூலம் சின்னத் துளைகள் போட்டு, கட்டியுள்ள சிறு துண்டுக் குடலை எடுத்து, இரு முனைகளையும் இணைப்பார்கள். வயிற்றைக் கிழிப்பது என்று அண்ணன் பயப்படும் அளவுக்கு இருக்காது. ஆனால் ஆபத்தே இல்லாத ஆபரேஷன் கிடையாது. இணைத்த இடம் கசியலாம், கிருமி தொற்றலாம், குடல் சில நாள் வேலைசெய்ய மறுக்கலாம், பிற்காலத்தில் ஒட்டுதல் ஏற்பட்டு அதுவே அடைப்பைத் தரலாம். இவற்றை மறைக்காமல் விளக்கிய பிறகு சம்மதம் கேட்பது மருத்துவரின் கடமை. புரியாவிட்டால் மறுபடி கேட்பதும், இன்னொரு நிபுணரின் கருத்தை வாங்குவதும் உங்கள் உரிமை.

பெரிய வெட்டாக மாற வேண்டிய சூழல் எப்போது வரும் என்று கேளுங்கள். சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்திலிருந்து கட்டி எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். அந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தால் பெருங்குடலின் தொடக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். பி12 வைட்டமின் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான். அங்கே அரை மீட்டருக்கு மேல் போனால் பிற்காலத்தில் பி12 ஊசி தேவைப்படலாம். சிறு துண்டு போவதால் அந்தப் பிரச்சினை பொதுவாக வருவதில்லை. பிறகு, 8.9 ஹீமோகுளோபினோடு மேசையில் படுக்க வேண்டாம். மாத்திரையில் ஏறவில்லை என்றால் ரத்தக்குழாய் வழியாக இரும்புச்சத்து ஏற்றலாமா என்று கேளுங்கள்.

தேதி வரும்வரை

உணவை மென்மையாக, நார் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வலிக்கும்போது மலமிளக்கி எடுக்கவே கூடாது. அடைபட்ட குடலை அது இன்னும் உந்தித் தள்ளும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் தவிருங்கள், புண்ணிலிருந்து ரத்தக்கசிவு கூடும்.

வலி விட்டு விட்டு வராமல் நிலையாக நின்றுவிட்டால், காய்ச்சல் வந்தால், நெஞ்சு படபடத்தால், வயிறு தொட முடியாமல் இறுகினால், வாந்தி பச்சையாகவோ மல வாடையுடனோ வந்தால், காற்றும் மலமும் முழுவதும் நின்றுவிட்டால், மலம் தார்போல் கறுத்தால், உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். (இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் தார்போல் பிசுபிசுப்பும் துர்நாற்றமும் அதில் இருக்காது.) போகும்போது பழைய சி.டி. குறுந்தட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது இருந்தால் அங்குள்ளவர்கள் மறுபடி கேஸ் என்று ஆரம்பிக்க மாட்டார்கள்.

கடைசியாக மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனியாக வரும் ஒற்றைக் கொழுப்புக் கட்டி பரம்பரையாக வருவதில்லை. அறிக்கை அப்படி வந்தால் அவருக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். ஆனால் பியூட்ஸ்–ஜெகர்ஸ் என்று ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கிறது. உதட்டிலும் வாய்க்குள்ளும் கரும்புள்ளிகள் தோன்றும், குடலின் உள்சுவரில் பாலிப் எனப்படும் சிறு கட்டிகள் பல வளர்ந்து இதேபோல் செருகலைக் கொண்டுவரும். வேறு சில புற்றுநோய்களின் வாய்ப்பையும் அது கூட்டும். உங்களுக்கோ மகளுக்கோ அப்படிப் புள்ளிகள் இருந்தால், அல்லது நோயியல் அறிக்கையில் 'ஹமர்டோமா' என்ற சொல் வந்தால், அப்போது மகளையும் அழைத்துக்கொண்டு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். எந்த முடிவு வந்தாலும் அந்த அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருங்கள். ஆபரேஷன் முடிந்து இரண்டு, மூன்று மாதத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். கட்டி போன பிறகும் ஏறவில்லை என்றால் ரத்தம் வேறெங்கோ போகிறது என்று பொருள், அதைத் தனியாகத் தேட வேண்டும்.